மாரி மாதங்களில் தோழிகள்

வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொண்டுவரும் ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையான மாதங்களை எங்கள் மட்டக்களப்பில் மாரி என்போம். பெரும்போக வயல் விதைப்பது அந்த மழையை நம்பித்தான். வீடும் விளைச்சலும் இழப்பதும் பெரும்பாலும் அதே மழையினால்தான். வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கங்களும் சூறாவளிகளும் இலங்கையின் கிழக்குக் கரையை நெருங்குவது நவம்பர், டிசம்பர் மாதங்களிலேயே அதிகம் என்பதால், ஒரே பாடசாலையில் ஒன்றாகப் படித்து இன்று கல்லடி, காத்தான்குடி, கொக்கட்டிச்சோலை, கல்முனை, பதுளை, அமெரிக்காவின் டாம்பா என்று பிரிந்து வாழும் நாங்கள் ஆறு பேரும் ஒவ்வொரு வருடமும் மழை பிடிப்பதற்கு முன்பே கூடிப் பேசிச் சில ஏற்பாடுகளைச் செய்துகொள்கிறோம். அந்த ஏற்பாடுகளைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாட்களாக நினைத்திருந்தேன். காற்று வீசத் தொடங்கிய பின்னர் ஒரு தோழிக்குச் செய்யக்கூடியது மிகக் குறைவு என்பதும், அதற்கு முன்னரும் பின்னரும் செய்யக்கூடியது மிக அதிகம் என்பதும் இத்தனை வருடங்களில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விடயம்.

எங்கள் தலைமுறைக்குச் சூறாவளி என்றால் முதலில் நினைவுக்கு வருவது நாங்கள் பாராத 1978 நவம்பர் 23 இரவுதான். 900க்கும் மேற்பட்டவர்களின் உயிரைப் பறித்து, மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களை அடியோடு சாய்த்துவிட்டுப்போன அந்தக் காற்றைப் பற்றி வீட்டுக்கு வீடு ஒரு கதை இருக்கிறது. எங்கள் அம்மம்மாவின் கல்வீட்டில் அன்றிரவு அயல் குடும்பங்கள் எல்லாம் ஒரே அறைக்குள் இருந்ததாகவும், கட்டிலை நிமிர்த்திக் கதவுக்கு முட்டுக்கொடுத்துப் பெண்கள் மாறிமாறி முதுகை வைத்துத் தாங்கியதாகவும் அம்மா சொல்வார். நடுவில் காற்று சட்டென்று ஓய்ந்தபோது, எல்லாம் முடிந்துவிட்டது என்று மாட்டை அவிழ்க்கப் புறப்பட்டவர்களை அம்மம்மா வாசலில் நின்று மறித்திருக்கிறார். கிழக்கிலிருந்து வரும் சூறாவளியின் மையம் ஓர் ஊரின் மீது நேராகக் கடக்கும்போது, முதலில் வடக்கிலிருந்து அடித்த காற்று நின்று, ஓர் அமைதி வந்து, அதன் பின்னர் தெற்கிலிருந்து மறுபடியும் அதே வேகத்தில் அடிக்கும் என்பதை நான் பாடசாலையில் பூமிசாத்திரம் படித்தபோதுதான் அறிந்துகொண்டேன். பாடசாலைப் பக்கமே போகாத அம்மம்மாவுக்கு அது எப்படித் தெரிந்திருந்தது என்பது இன்றும் எனக்கு வியப்பு. அந்த அறையில் இருந்த பெண்கள் இறக்கும்வரை ஒருவருக்கொருவர் உறவுக்காரரைப் போலவே பழகினார்கள்.

எங்கள் மாவட்டத்தின் நில அமைப்பை அறியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான வாவி, கடலோரமாக உள்ள எழுவான்கரையையும் வயல்களும் குளங்களும் நிறைந்த படுவான்கரையையும் பிரிக்கிறது. நான் இருக்கும் கல்லடி கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் மணல்திட்டு. கொக்கட்டிச்சோலைத் தோழியின் வீடு படுவான்கரையில். கடல் கொந்தளித்து ஏறினால் ஆபத்து எனக்கு. மேற்கே குளங்களின் வான்கதவுகளைத் திறந்துவிட்டால் ஆபத்து அவளுக்கு. இதில் பலரும் கவனிக்கத் தவறுவது என்னவென்றால், காற்று ஓய்ந்து வானம் வெளுத்த பிறகும் மேற்கிலிருந்து வரும் வெள்ளம் ஓரிரு நாட்கள் கழித்தே தாழ்நிலத்துக்கு வந்து சேரும். முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டி வாவி நீரைக் கடலுக்கு விடும்வரை படுவான்கரையின் பல ஊர்கள் தனித்த தீவுகளாகிவிடும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அவர்களுக்கு அந்த இடத்தில் தோணியும், 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகும்தான் வழி; இன்று பாலம் இருந்தாலும், பாலத்துக்குப் போகும் வீதிகள் தண்ணீருக்குள் போய்விட்டால் அதனால் பயனில்லை.

ஆகவே எங்கள் முதல் ஏற்பாடு மிக எளிமையானது. கடல் பற்றிய எச்சரிக்கை வந்தால் என் குடும்பம் கொக்கட்டிச்சோலைக்குப் போகும். குளங்கள் நிரம்பும் செய்தி வந்தால் அவர்கள் கல்லடிக்கு வருவார்கள். இரண்டும் சேர்ந்து வந்தால் இரு குடும்பங்களும் காத்தான்குடித் தோழியின் பிளேட் (கொங்கிறீற் தளம்) போட்ட மாடிவீட்டுக்குப் போவோம். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, வரலாமா என்று அழைப்பெடுக்கவும் தேவையில்லை. இதை முன்கூட்டியே பேசி முடித்துவைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பெண்களுக்கு உதவி கேட்பதில் உள்ள கூச்சம் வெள்ளத்தைவிடப் பெரியது. தண்ணீர் வாசற்படியைத் தொட்ட பிறகும், "அங்க ஏற்கெனவே சனமா இருக்கும், நாங்களும் போய்க் கரைச்சல் குடுக்கிறதா" என்று யோசித்துக்கொண்டு நிற்பவர்களை நான் கண்டிருக்கிறேன். வருவது கடமை என்று ஆக்கிவிட்டால் அந்தக் கூச்சத்துக்கு இடமில்லை.

அந்தப் பேச்சில் ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன தேவை என்பதையும் திரும்ப ஒருமுறை பார்த்துக்கொள்வோம். கல்முனைத் தோழி தாதியாக வேலை செய்பவள் என்பதால் மருந்து விடயம் அவள் பொறுப்பு. காத்தான்குடித் தோழியின் உம்மா இன்சுலின் போடுபவர். மின்சாரம் போய்க் குளிர்சாதனப் பெட்டி வேலை செய்யாவிட்டால் பதற வேண்டாம், திறந்து பாவிக்கும் குப்பியைக் கடும் வெப்பம் படாமல் நான்கு வாரங்கள் வரை வைத்திருக்கலாம் என்று அவள்தான் விளங்கப்படுத்தினாள். குப்பியைப் பொலித்தீனில் சுற்றி, சிறிய மண்முட்டிக்குள் வைத்து, அந்த முட்டியை ஈரமணல் நிரப்பிய பெரிய சட்டிக்குள் இறக்கி, நனைத்த துணியால் மூடிவைக்க வேண்டும் என்பதையும் அவள் உம்மாவுக்குச் செய்து காட்டினாள். கொக்கட்டிச்சோலைத் தோழியின் மருமகள் நிறைமாதமாக இருந்த வருடம், வெள்ளம் வருமா வராதா என்று பார்த்திருக்காமல், கார்த்திகை பிறந்தவுடனேயே அந்தப் பிள்ளையை என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். கல்லடியிலிருந்து போதனா வைத்தியசாலைக்கு எந்த நேரத்திலும் போகலாம். அந்த வருடம் பெரிய வெள்ளம் எதுவும் வரவில்லை. ஆயினும் அந்த ஏற்பாடு வீண் என்று எங்களில் ஒருவரும் சொல்லவில்லை.

பாடசாலைகளில் அமைக்கப்படும் இடைத்தங்கல் முகாமுக்கே போகவேண்டி வந்தால் பெண்களுக்கு அங்கே என்ன தேவைப்படும் என்பதைப் பொதுவாக யாரும் பேசுவதில்லை. இரவில் மலசலகூடத்துக்குப் போகத் துணைக்கு ஒரு ஆளும் டோர்ச் ஒன்றும் வேண்டும். மாதவிடாய்க்கான துணிகள், உள்ளாடைகள், மாற்றிக்கட்ட ஒரு சாறி அல்லது சட்டை, உடை மாற்றும்போது மறைப்பாகப் பிடிக்க ஒரு பெரிய துணி ஆகியவற்றைத் தாதித் தோழி ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பையில் கட்டிவைக்கச் சொல்லியிருக்கிறாள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, வங்கிப் புத்தகம் ஆகியவற்றையும் பொலித்தீன் உறையிலிட்டு அதே பையில் வைத்துவிடுவோம். நிவாரணமாக வந்து குவியும் பழைய உடுப்பு மூட்டைகளில் இவற்றில் ஒன்றும் இருப்பதில்லை.

இனி டாம்பாவிலுள்ள தோழியின் கதைக்கு வருகிறேன். அத்திலாந்திக் சமுத்திரத்தின் சூறாவளிப் பருவம் யூன் 1 தொடங்கி நவம்பர் 30 வரை நீளுவதாகக் கணக்கிடப்படுகிறது. ஆகவே அவளுடைய பருவம் முடியும் தறுவாயில்தான் எங்களுடையது உச்சம் பெறுகிறது. 2024ஆம் ஆண்டில் இது எங்கள் எல்லோருக்கும் நெஞ்சில் பதிந்தது. செப்டெம்பர் 26இல் ஹெலீன் சூறாவளி புளோரிடாவின் வடபகுதியில் கரைதட்டியது. மையம் தொலைவில் கடந்தபோதும் டாம்பா விரிகுடாவில் கடல் பொங்கிக் கரையோர வீடுகளுக்குள் புகுந்தது. அந்த வீடுகளின் நனைந்த தளபாடங்கள் தெருவோரத்தில் இன்னும் குவிந்து கிடக்கும்போதே, ஒக்டோபர் 9 இரவு மில்டன் வந்தது. அங்கே ஒவ்வொரு பகுதிக்கும் வெளியேற்ற வலயம் என்று ஓர் எழுத்து இருக்கிறது. எந்த எழுத்துக்காரர் எப்போது வெளியேற வேண்டும் என்பதை முன்பே அறிவித்துவிடுகிறார்கள். தோழி வெளியேறி, உயரமான இடத்தில் இருந்த இன்னொரு குடும்பத்தின் வீட்டில் தங்கினாள். மில்டன் கரையைத் தொட்டபோது எங்களுக்கு 10ஆம் திகதி விடியற்காலை. அன்று நான் சுபஹுத் தொழுகைக்கு எழுந்த காத்தான்குடித் தோழியோடு அலைபேசியில் பேசிக்கொண்டே அமெரிக்கத் தேசிய சூறாவளி மையத்தின் அறிக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மையம் டாம்பாவுக்குத் தெற்கே கரையேறியதால் அங்கே காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசி, விரிகுடாவின் நீரைப் பொங்கவிடாமல் வெளியே இழுத்துச் சென்றது என்று பின்னர் அறிந்தோம்.

அந்த இரவில் நாங்கள் அவளுக்கு அழைப்பு எடுக்கவில்லை. இது எங்களுக்குள் இருக்கும் கண்டிப்பான விதி. புயல் நேரத்தில் பத்துப் பேர் அக்கறையோடு பத்துத் தடவை அழைத்தால், அந்த அக்கறையே அவளுடைய அலைபேசியின் மின்கலத்தைத் தின்றுவிடும். ஒருவர் மட்டும் பொறுப்பெடுப்போம்; அவருக்கு மட்டும் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒரு குறுஞ்செய்தி வரும்; அதை அவர் மற்றவர்களுக்குச் சொல்வார். வலையமைப்பு நெரிசலில் குரல் அழைப்பு போகாத நேரத்திலும் குறுஞ்செய்தி எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடுகிறது. நவம்பர் கடைசியில் எங்கள் முறை வந்தபோது அதே வேலையை அவள் எங்களுக்குச் செய்தாள். பின்னர் பெங்கல் என்று பெயரிடப்பட்ட தாழமுக்கம் எங்கள் கரையை ஒட்டியே மெல்ல நகர்ந்து, அம்பாறையையும் மட்டக்களப்பையும் வெள்ளத்தில் மூழ்கடித்த அந்த நாட்களில், மின்சாரமும் இணையமும் இல்லாமல் இருந்த எங்களுக்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல்களையும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் குளச் செய்திகளையும் அவள் அங்கிருந்து வாசித்து, இரண்டு வரிகளாகச் சுருக்கி அனுப்பிக்கொண்டிருந்தாள். 2004 டிசம்பர் 26 சுனாமியைக் கண்டவர்கள் வாழும் ஊர் இது. ஒவ்வொரு மழைக்கும் "கடல் ஏறுது" என்று யாரோ ஒருவர் கிளப்பிவிடுவார், அதைக் கேட்டு முதியவர்கள் இருட்டில் ஓடி விழுந்து காயப்படுவார்கள். உண்மையை உறுதிப்படுத்திச் சொல்ல, பதற்றம் இல்லாத இடத்தில் ஒரு தோழி இருந்தது எங்களுக்குப் பெரிய பலம். பெங்கல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது நவம்பர் 30இல், அவளுடைய பருவத்தின் இறுதிநாளில்.

அதே வெள்ளத்தில்தான், நவம்பர் 26 அன்று, காரைதீவுக்கு அருகே மாவடிப்பள்ளி வீதியில் மத்ரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் நீரோட்டத்தில் கவிழ்ந்து, வீட்டுக்குப் போகப் புறப்பட்ட பிள்ளைகள் உயிரிழந்தார்கள். அந்தச் செய்தி வந்த இரவு எங்களில் யாரும் உறங்கவில்லை. அதன் பின்னர் நாங்கள் ஒரு விதியைச் சேர்த்துக்கொண்டோம்: வீதியைக் குறுக்கறுத்துத் தண்ணீர் ஓடத் தொடங்கிவிட்டால், யாரும் யாரையும் வரச்சொல்லிக் கேட்கக் கூடாது, யாரும் யாரிடமும் போகவும் கூடாது. கொக்கட்டிச்சோலைத் தோழி அன்று அனுப்பிய செய்தி இன்னும் என் அலைபேசியில் இருக்கிறது. "இஞ்ச தண்ணி ரோட்டுக்கு ஏறிட்டு. ஒருத்தரும் வராதீங்ககா, நாங்க சுகமா இருக்கம்." உண்மையில் அவர்கள் அப்போது வீட்டுப் பரணில் நெல்மூட்டைகளோடு இருந்தார்கள். அவளுக்கு அந்த நேரத்தில் நாங்கள் செய்யக்கூடியதாக இருந்தது, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழைத்து, எந்த ஊர், எந்தக் கோயிலுக்குப் பின்புறம், வீட்டில் எத்தனை பேர், நடக்க முடியாதவர் யார் என்பதைத் தெளிவாகச் சொல்லிப் பதிவுசெய்வது மட்டுமே. படகு வந்தது.

வெள்ளம் வடிந்த பின்னர்தான் தோழிகளின் வேலை தொடங்குகிறது என்பேன். முதலாவது கிணறு. எங்கள் பக்கத்துக் கொட்டுக்கிணறுகளுக்குள், அதாவது வளையங்களை அடுக்கிக் கட்டிய கிணறுகளுக்குள், வெள்ளம் போனால் சேறும், செத்த தவளையும், மலசலகூடக் குழிகளின் கழிவும் சேர்ந்தே போகின்றன. ஆத்திரத்தில் உடனே மோட்டாரை வைத்து அடிவரை இறைத்துவிடக் கூடாது. சுற்றியுள்ள நிலம் நீரில் ஊறி இருக்கும்போது கிணற்றை வெறுமையாக்கினால், வெளியிலிருந்து அமுக்கும் நீரால் கொட்டுகள் விலகிச் சரிந்துவிடும். நிலத்தில் தண்ணீர் இறங்கும்வரை காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து, கொட்டின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லும் அளவுக்குக் குளோரின் கரைத்து ஊற்றி ஓரிரவு விட்டு, மீண்டும் இறைக்க வேண்டும். அதற்குப் பின்னரும் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். ஒரு குடும்பம் தனியாகச் செய்து முடிக்கும் வேலை அன்று இது. ஆண்கள் கிணற்றுக்குள் இறங்க, நாங்கள் கயிற்றில் வாளி இழுத்தோம்; காத்தான்குடியிலிருந்து தோழியின் நாநா (அண்ணன்) மோட்டாரோடு வந்தார்; மதியச் சோறும் அவர்கள் வீட்டிலிருந்தே சட்டியோடு வந்தது. வீட்டுக்குள் கொக்கட்டிச்சோலைத் தோழியின் நியமனக் கடிதமும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் இருந்தன. அவற்றை வெயிலில் போட்டால் சுருண்டு மை கலைந்துவிடும் என்பதால், ஒவ்வொரு தாளுக்கும் இடையே வெற்றுத்தாளை வைத்து, நிழலில் காற்றுப்படும்படி விரித்து, ஈரமேறிய தாளை மாற்றிக்கொண்டே இருந்தோம். ஒரு சான்றிதழில் மகளின் பெயர் முழுவதும் அப்படியே மீண்டுவந்தபோது அவள் அழுத அழுகை, வீட்டுக்குள் சேற்றைப் பார்த்தபோதுகூட அவளுக்கு வரவில்லை.

இரண்டாவது காசு. பெரும்போகப் பயிர் இளம் பயிராக நிற்கும் நேரத்தில் நாட்கணக்கில் நீரில் மூழ்கிக் கிடந்தால் அழுகிவிடும். மறுபடி விதைக்க மூன்று மாத இன விதைநெல்லும், உழவுக்குக் கூலியும் உடனடியாக வேண்டும். நட்ட ஈடு கிடைத்தாலும் விதைப்புக் காலம் கழிந்த பிறகே கிடைக்கும். நாங்கள் வருடம் முழுவதும் ஏலக் கழிவு இல்லாத ஒரு சீட்டுப் பிடிக்கிறோம். அதில் கார்த்திகை, மார்கழி ஆகிய இரு மாதங்களின் முறையையும் யாருக்கும் எழுதுவதில்லை. மழை முடியும்வரை அதைத் திறந்தே வைத்திருந்து, அந்த வருடம் யாருக்கு அடி விழுந்ததோ அவருக்குக் கொடுத்துவிடுவோம். கடனும் இல்லை, தருமமும் இல்லை, அவளுடைய சொந்தக் காசே முந்தி வருகிறது என்பதால், கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையில் தலைகுனிவு ஏற்படுவதில்லை. எலிக்காய்ச்சலுக்கு அஞ்சி, வயலில் இறங்குமுன் சுகாதாரப் பகுதியினர் கொடுக்கும் தடுப்பு மாத்திரையை அவளுடைய கணவர் விழுங்கினாரா என்று தாதித் தோழி அழைத்துக் கேட்பதும் இந்தக் காலத்தில்தான்.

மூன்றாவதைச் சொல்வது கடினம். வீடு கழுவி, வயல் விதைத்து, எல்லாம் வழமைக்குத் திரும்பிவிட்ட பின்னர், தை மாதத்தில் ஒரு சாதாரணக் காற்றுக்குத் தகரம் சடசடத்தால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுபவர்கள் எங்களில் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் "இன்னும் அதையே நினைக்கிறியா" என்று கேட்கக் கூடாது. டாம்பாத் தோழிக்கு அங்கே இரவு என்றால் எங்களுக்குப் பகல். ஆகவே அவளுக்கு உறக்கம் வராத வேளையில் பேச எங்களில் ஒருவர் விழித்திருப்போம், எங்களுக்கு உறக்கம் வராதபோது அவள் விழித்திருப்பாள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது, இந்த ஏற்பாடுகள் எல்லாம் கரையோரத்தை நினைத்தே செய்யப்பட்டவை என்பது தெரிந்தது. நிலச்சரிவுகள் மலையகத்தில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயின. பாதுகாப்பானவள் என்று நாங்கள் எப்போதும் கருதியிருந்த பதுளைத் தோழியின் தொடர்பு அறுந்துபோனது. அவள் உயிரோடு இருக்கிறாள் என்ற செய்தி, அவளுடைய மாணவி ஒருத்தியின் தந்தை மூலம் கைமாறிக் கைமாறித்தான் எங்களுக்குக் கிடைத்தது. வீதி திறந்தவுடன் அரிசியும் பருப்பும் பால்மாவும், கல்முனைத் தோழி கட்டிய பைகளும் லொறியில் போயின. மலைச்சரிவில் மண் வெடிப்பதும், மரமோ மின்கம்பமோ சாய்வதும், சுனைநீர் திடீரெனக் கலங்குவதும் வெளியேறுவதற்கான அறிகுறிகள் என்பதைக் கரையோரப் பெண்களான நாங்களும் இப்போது தெரிந்து வைத்திருக்கிறோம், அவளுடைய ஊருக்கு மழை பெய்தால் கேட்பதற்காக.

அடுத்த மாரிக்கான பேச்சில் இன்னும் முடிவாகாத விடயம் காத்தான்குடி உம்மாவைப் பற்றியது. வீட்டில் நிற்பது ஆபத்து என்ற நிலை வந்தால்கூட, தான் அந்த வீட்டை விட்டு எங்கும் வரப்போவதில்லை என்று அவர் இப்போதே சொல்லிவிட்டார். "நான் எழுவத்தெட்டையும் பார்த்தன், சுனாமியையும் பார்த்தன், நீங்க புள்ளைகளக் கூட்டிட்டுப் போங்க" என்கிறார். அவரோடு வாதாடுவதில் பயனில்லை என்று மகளே சொல்வதால், அவருடன் மேல்மாடியில் தங்குவதற்கு எங்களில் ஒருவர் முன்கூட்டியே போவது என்று தீர்மானித்திருக்கிறோம். அது யார் என்பதை ஐப்பசிக்குள் பேசி முடிக்க வேண்டும். தாதித் தோழி தான் போவதாகச் சொல்கிறாள், ஆனால் அந்த நாட்களில் அவளுக்கு வைத்தியசாலையில் விடுமுறை கிடைக்காது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.